எடைமேடையில் உறைந்த திரை

சுங்கை காடுட்டில், லாரி எடைமேடைகளுக்குக் கருவி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கருவியின் மற்ற நிரல்களையெல்லாம் தாங்கும் கெர்னல் என்ற அடிப்படை நிரலும், எடையைப் படித்துத் தரும் டிரைவர் என்ற நிரலும் என் பொறுப்பு. எனக்கு முன்பு இருந்தவர் எழுதிவிட்டுப் போன டிரைவர் அது. திரையையும் பட்டன்களையும் எழுதுபவர் என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

போன மழைக்காலத்தில் கோலா சாவாப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பழக்குலை ஏற்றிய லாரிகள் சாலைவரை நின்றன.

“கேன்சல் அமுக்குனா திரை அப்படியே செத்துப் போகுது லா,” என்றார் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி, நடுவயதுப் பெண். “சுவிட்ச அடைச்சுத் திறந்தாத்தான் உயிர் வருது.”

எடை நிலைக்குமுன் லாரி நகர்ந்தால் அவர் கேன்சல் அமுக்குவார். மடிக்கணினியை மாட்டி, கெர்னல் செயலிழந்து விழுமுன் விட்டுச்சென்ற பதிவைப் படித்தேன். அண்ணனின் நிரல் தன் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டி, எடையை இங்கே எழுது என்கிறது. கேன்சல் அமுக்கியதும் அந்த இடத்தைக் கைவிட்டுவிடுகிறது. அது தெரியாமல் டிரைவர் நேராக அங்கே எழுதப் போகிறது. இடம் இல்லை, கெர்னலே விழுகிறது.

“அந்தப் பட்டனை எடுத்துட்டா போச்சு,” என்றார் அண்ணன்.

“நாளைக்கு வேற ஏதாச்சும் தப்பான இடத்தைக் காட்டுனா? புரோகிராம் விழலாம்ணே. கெர்னல் விழக்கூடாது.”

“அப்ப என் மேல தப்பில்லங்கிற?”

“ரெண்டு பக்கமும் இருக்கு.”

அவர் முகம் சுருங்கியது. நான் மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன்.

நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கக் கெர்னலில் தனிச் செயற்கூறு உண்டு. பாதியில் இடம் இல்லாமல் போனால் அது விழாது. நின்று, இத்தனை பைட் போய்ச் சேரவில்லை என்று சொல்லும். டிரைவரை அதன் வழியாக எழுதவைத்தேன். ஒரு பைட் மிச்சமிருந்தாலும் நிரலுக்குப் பிழை என்றே பதில் போகும். அரைகுறை எடை திரையில் வருவது உறைந்த திரையைவிட மோசம்.

என் திருத்தத்தை மட்டும் முதலில் ஏற்றினோம். கிராணி கேன்சல் அமுக்கினார். எடை கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றவர், அடுத்த லாரியைக் கைகாட்டி அழைத்தார்.

அண்ணன் உட்கார்ந்து, டிரைவர் பதில் சொல்லும்வரை இடத்தை விடாதபடி தன் நிரலைத் திருத்தினார். அதையும் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். வழியில் ரந்தாவ் ஊரைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“பசிக்குதாம்மா?”

ஆமாம் என்றேன். வண்டியை ஒரு கடையோரம் நிறுத்தினார்.