வேர்வை அடங்கட்டும்

எங்கள் வீட்டில் எல்லாக் கெடுதலுக்கும் காரணம் சூடுதான். மாம்பழம் சூடு, பப்பாளி சூடு, கோழிக்கறியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கண் எரிந்தால் உடம்புச் சூடு, கணக்கில் மார்க் குறைந்தால் மண்டைச் சூடு. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அக்கா தலையிலும் என் தலையிலும் எண்ணெயைக் கவிழ்த்து, அந்த வாரத்துச் சூட்டை இறக்கிவிட்டுத்தான் ஓய்வாள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் அக்கா நீச்சல் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீச்சல்குளத்து மாஸ்டருக்கோ வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. "ஒடம்பு சூடாகோணுமுங்க. சூடாகாம ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கப்படாது." பொடிசுகளைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். குளத்தைச் சுற்றி ஓடவிடுவார், கைகளை ராட்டினம்போலச் சுற்றச் சொல்லுவார். கழுத்தில் வேர்வை அரும்பின பிறகுதான் இறங்க அனுமதி. இறங்கியும் எடுத்த எடுப்பில் வேகம் காட்டக் கூடாது, அலுங்காமல் குலுங்காமல் போய்வர வேண்டும். சின்னப் பிள்ளைகள் கூட்டத்தில் நானும் கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவள் மூக்கில் இடிப்பதற்காக.

அக்காவிடம் மட்டும் மாஸ்டர் கூடுதல் கண்டிப்பாக இருந்தார். அவள் நீந்தியது பட்டர்ஃபிளை. இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி வீச வேண்டிய நீச்சல். வலது தோள் சில மாதங்களாகவே அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. "ஆறிப்போன தோளோட எறங்கிப்போடாதீங்க அம்மணி. அது பிஞ்சு போயிரும்" என்று அவர் பலமுறை சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. விடியற்காலையில் அப்பாதான் எங்களை ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். அம்மா ஒருநாளும் குளத்துப் பக்கம் வந்ததில்லை. கேட்டால் அடுப்பு வேலை என்பாள்.

அக்கா பிளஸ் டூ படித்த வருஷம், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டம், டிராக்டர் எல்லாம் இருந்தது. அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். அம்மாவின் ஊர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு விடலைப் பையனின் படம் தொங்கும். அம்மாவின் தம்பி, காய்ச்சலில் போய்விட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சூட்டுக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அக்கா காலேஜ் போக வேண்டும் என்று அழுது அடம்பிடித்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ். இல்லாவிட்டால் பரீட்சை முடிந்ததும் கல்யாணம். அக்கா அவர் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தேர்வுப் போட்டி ஐப்பசியில் வந்தது. வானம் மூடிக்கிடந்தது, வடக்கேயிருந்து ஊதல் காற்று. பட்டறையில் அவசர வேலை என்று அப்பா நின்றுவிட, வேறு வழியில்லாமல் அம்மா எங்களோடு வந்தாள். பார்வையாளர் படிக்கட்டின் கடைசி வரிசையில், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீச்சல் உடையில் பெண்பிள்ளைகளைப் பார்க்கக் கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பையன்களின் போட்டி நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் குளத்தின் மறுகோடியில் இருந்தார். அக்கா உடைமாற்றும் அறைக்குப் பின்னால் ஓடிக் குதித்து, கைகளைச் சுற்றி, முகம் சிவக்க எங்களிடம் வந்து, தலைக்குல்லாய்க்காகப் பையைத் திறந்தாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அம்மா எழுந்துவிட்டாள்.

"இதென்ன கண்ணு, இப்படி ஊத்துது?"

"வார்ம் அப்புங்கம்மா. ஒடம்பச் சூடு பண்ணியிருக்கறேன்."

"இந்த வேர்வையோடயா தண்ணியில எறங்கப்போறே?"

"மாஸ்டர் அப்பிடித்தான் எறங்கச் சொல்லியிருக்கறாருங்க."

"அவருக்கென்ன தெரியும். உக்காரு. வேர்வை அடங்கட்டும்."

தோசையைத் திருப்பிப் போடுவது எப்படி என்பதற்கே அம்மாவோடு அரைநாள் மல்லுக்கட்டுகிறவள் அக்கா. இன்றைக்கு ரகளைதான் என்று நான் காத்திருந்தேன். அம்மா துண்டை எடுத்து அவள் கழுத்தையும் தோளையும் ஒற்றினாள். காற்றுக் குளிரில் அம்மாவின் கை வெடவெடவென்று ஆடியது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

தூறல் விழுந்ததால் பெண்களின் போட்டியை அரைமணி தள்ளிவைத்தார்கள். அக்கா ஈரக்காற்றில் உட்கார்ந்திருந்தாள். அம்மா முந்தானையால் வீசிவிட்டாள். கூப்பிட்டபோது அக்காவின் பிடரியைத் தொட்டுப்பார்த்து, "இப்பச் சில்லுன்னு இருக்குது, போய்ட்டு வா சாமி" என்றாள். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

முதலில் அக்காதான் முன்னால் போனாள். சுவரைத் தொட்டுத் திரும்பி வரும்போது இரண்டு கைகளும் எழுந்தன. அடுத்த வீச்சுக்கு இடது கை மட்டும் எழுந்தது. அவள் தலை தண்ணீருக்குள் போய்விட்டு, மிதவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வெளியே வந்தது. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். மாஸ்டர் போட்ட சட்டையோடு குதித்தார்.

அதுவரை தண்ணீரைத் திரும்பியே பாராத அம்மா எப்படி அவ்வளவு படிகளையும் இறங்கினாள் என்று தெரியவில்லை. குளத்தின் விளிம்பில் மண்டிபோட்டு, "கந்தா, கந்தா" என்று அலறிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பிள்ளை கரையேறின பிறகும் முருகனை விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு மானம் போயிற்று.

"ஏன் சாமி ஆறவிட்டீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"மறந்துபோச்சுங்க" என்றாள் அக்கா.

தோளில் சவ்வு கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அம்மா தினமும் கல்லுப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். போட்டிக்கு முன்னால் இருக்க விடாத சூட்டை மாதக்கணக்காக அந்தத் தோளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சொன்னேன், நாக்கில் நரம்பில்லாமல். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அக்காவால் தன் ஜடையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது.

அம்மா காலமாகி, என் மகள் நீச்சல் பழகத் தொடங்கியபோது அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். கிளம்புமுன் நான் மகளைக் கை சுற்றச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தேன். வேர்வை அடங்கட்டும் என்று சொல்ல நல்லவேளை இப்போது ஆளில்லை என்றேன்.

அக்கா என் மகளை வாசலுக்கு அனுப்பினாள். பிறகு சொன்னாள். "மாமன் காய்ச்சல்ல போகலை கண்ணு. கடலக்காட்டுல வேல செஞ்சுபோட்டு, வேத்து ஊத்த ஓடியாந்து கெணத்துல குதிச்சாரு. மாத்துத்துணி வெச்சுக்கிட்டு அம்மா கெணத்து மேட்டுல நின்னுட்டிருந்தாங்க. அவரு மேல வரவேயில்லை. நம்ம அத்தை எனக்கு எப்பவோ சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு அம்மா கை நடுங்குனதப் பாத்தேன். அதுக்கு மேல எப்பிடி எந்திரிக்கறது? தோளு தாங்கிரும்னு நெனச்சேன்."

அந்தக் கையை நானும் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன்.

மாமன் பேர் என்ன என்று கேட்டேன். அந்தப் படத்துக்கு ஒரு பேர் இருக்கும் என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

"கந்தசாமி" என்றாள் அக்கா.