பஸ்ஸில் யார் பொத்தான் போடுவது?

நிடியா பாரியெந்தோஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வீட்டுக்காரியின் முழங்கால் வலியை விசாரிப்பார். பிறகு மெக்சிகோவில் இருக்கும் மாமியாரை. பிறகு இந்த வருடம் ஸ்ட்ராபெரி காய்ப்பு எப்படி என்பதை. கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பிள்ளையைப் பற்றிய பேச்சு வரும். கலிபோர்னியாவில் எங்கள் ஊரான வாட்சன்வில்லில் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வருவது அவருடைய வேலை. அந்தப் பழைய நீலக் கார் தெருவுக்குள் திரும்புவதைப் பார்த்ததும் பெண்கள் அடுப்பில் ரொட்டிக்கல்லை ஏற்றிவிடுவார்கள்.

மெக்சிகோவின் ஹலிஸ்கோவில் பிறந்து, சிறுமியாக இங்கே வந்தவர். இடுப்பு மறுக்கும்வரை வயலில் குனிந்து பழம் பறித்தார். பிறகு மாலைக் கல்லூரியில் படித்து இந்த வேலைக்கு வந்தார். மேலதிகாரிகள் அவர் வேகமாக எழுதவில்லை என்று குறை சொல்வார்கள். எனக்குத் தெரிந்த குறை வேறு. எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும் அவருக்கு. எலிசேயோ விஷயத்தில் அந்தக் குணம்தான் காலை வாரிவிட்டது.

எலிசேயோவுக்கு நான்கரை வயது. பள்ளியின் மதிப்பீட்டாளர் ஹெதர் அவனை ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தார். தானாகச் சாப்பிடுவதில்லை, பொத்தான் போடுவதில்லை, கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறான். வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது, வேறு ஊரிலுள்ள சிறப்பு வகுப்புக்கு அனுப்பலாம், தினமும் பஸ் வரும் என்றார். அதை நிடியா ஸ்பானிய மொழியில் சொன்னபோது அவனுடைய அம்மா ஒப்தூலியா தலையாட்டினார்.

"நீங்க சொன்னா சரிதான் டீச்சர்."

வெளியே கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஒப்தூலியா அழ ஆரம்பித்தார்.

"நிடியாம்மா, அக்கா பக்கத்துல இல்லாம அவன் தூங்கினதே இல்ல. பஸ்ல தனியா எப்படிப் போவான்?"

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"அவங்க டீச்சர். மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? எங்கம்மா என்னை அப்படியா வளர்த்தாங்க?"

முடிவெடுக்கும் முன் பையனை வீட்டில் ஒருமுறை பாருங்கள் என்று நிடியா ஹெதரைக் கேட்டார். ஹெதர் உடனே ஒப்புக்கொண்டார். நியாயமான மனுஷி. அவர் வளர்ந்த வீட்டில் குழந்தை தானே கரண்டி பிடித்துச் சாப்பிட்டால் அப்பா போட்டோ எடுத்து மாட்டுவார். அவ்வளவுதான்.

ஹெதர் வருவதற்கு முதல் நாளே நிடியா அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

"நாளைக்கு மட்டும் யாரும் அவனுக்கு ஊட்டக் கூடாது. சட்டை மாட்டிவிடக் கூடாது. தானா செய்யட்டும். மாரிசோல், உன்னைத்தான் சொல்றேன்."

மாரிசோல் அவனுடைய அக்கா, மூன்றாம் வகுப்பு. "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள்.

மறுநாள் மதியம் ஹெதர் வந்தார். ஒப்தூலியா கோழி போட்டு மோலே குழம்பு வைத்திருந்தார். எலிசேயோவின் முன்னால் தட்டு வந்தது. ஊட்ட ஆள் யாரும் வரவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா நிடியாவைப் பார்த்தார். அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா மக்காரியோ பார்க்கச் சகிக்காமல் கொல்லைப்புறம் போய்விட்டார்.

"அம்மா, எம்மேல கோவமா?" என்று கேட்ட எலிசேயோ, தட்டைத் தள்ளிவிட்டு விம்ம ஆரம்பித்தான்.

ஹெதர் குறித்துக்கொண்டே இருந்தார். பஸ் வாசலுக்கே வந்து நிற்பதுபோல இருந்தது நிடியாவுக்கு.

"போதும்" என்றார் அவர். "நான் சொன்னதெல்லாம் மறந்துடுங்க. மாரிசோல், தம்பிக்கு ஊட்டு."

அவள் பாய்ந்து வந்தாள். தொர்த்தியா ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து அவன் வாயில் வைத்தாள். "அழுமூஞ்சி! கோழி பயந்து ஓடிடப் போகுது" என்றாள். அவன் சிரித்தபோது மூக்கும் சேர்ந்து ஒழுகியது. வீடு மறுபடி வீடாகி, ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள்.

தங்கை இட்செல் தத்தித் தத்தி அவனிடம் வந்தாள். அவள் ஸ்வெட்டர் திறந்து கிடந்தது. வாய் நிறையச் சோளரொட்டியோடு எலிசேயோ அவளை முழங்கால்களுக்கு நடுவே இழுத்து நிறுத்தி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான்.

"ஆடாதடி. சளி பிடிச்சா உன் மூக்கை யாரு தொடைக்கிறது? நான்தானே? போன தடவை ராத்திரி பூரா இருமி என்னைத் தூங்கவிட்டியா நீ?"

பிறகு கோழியில் ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி, அவளுக்கு ஊட்டினான்.

ஹெதரின் பேனா நின்றுவிட்டது. "அவனுக்குப் பொத்தான் போடத் தெரியுதே!"

நிடியா மொழிபெயர்த்தார். ஒப்தூலியாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "தெரியாம என்ன? சின்னவளுக்கு தினமும் அவன்தானே போடறான்."

"அப்ப தன்னோடதை?"

"அதை அக்கா போடுவா."

"அக்காவோடதை?"

"பின்னலும் பொத்தானும் நான்."

"உங்களோடதை?"

கொல்லைக் கதவருகே மக்காரியோவின் குரல் கேட்டது. "முதுகுப் பக்கம் கொக்கி இருந்தா அது நம்ம டிபார்ட்மென்ட்!"

ஒப்தூலியா அடுப்புத் துணியை அவர்மேல் எறிந்தார். ஹெதர் சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் காகிதத்தைப் பார்த்தார். "தன் சட்டையில் தானே பொத்தான் போடுகிறானா" என்றுதான் அதில் இருக்கிறது, இதை எந்த இடத்தில் எழுதுவது என்று யோசித்தார். பிறகு காகிதத்தை மூடி வைத்துவிட்டு ஒப்தூலியாவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வகுப்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீங்க படிச்சவங்க டீச்சர். உங்களுக்குத் தெரியும்."

நிடியாவின் நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து அதை விழுங்கினார். ஒப்தூலியா ஹெதரின் தட்டில் இன்னொரு கரண்டி மோலே விட்டார். ஹெதர் வேண்டாமென்று சொல்லவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. சாப்பிட்டார். காரமென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாப்பிட்டார்.

தட்டு காலியாகும் தறுவாயில், மேசையைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல் ஒப்தூலியா பேசினார்.

"பஸ்ல அவனுக்கு யாரு பொத்தான் போடுவா டீச்சர்? அவன் யாருக்குப் போடுவான்?"

நிடியா அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெதர் மூடி வைத்த காகிதத்தை மறுபடி திறந்தார். பிறகு, "இங்கயே இருக்கட்டும். அப்படித்தான் எழுதப் போறேன். பேச்சை மட்டும் ஸ்பானிஷ்ல இன்னொரு தடவை சோதிக்கணும்" என்றார். "ஆனா ஒண்ணு. மதியச் சாப்பாட்டு நேரத்துல மாரிசோல் வேற கட்டடத்துல இருக்கா. அவன் பட்டினியாத்தான் உட்கார்ந்திருக்கான். அதுக்கு என்ன செய்யலாம்?"

இந்த முறை சரி டீச்சர் என்று யாரும் தலையாட்டவில்லை. ஒப்தூலியா மக்காரியோவைப் பார்த்தார். மக்காரியோ பெரிய மகளைப் பார்த்தார். மாரிசோல் உதட்டைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

"பள்ளிக்கூடத்துல வேணா அவனே சாப்பிட்டுக்கட்டும்" என்றாள் கடைசியில். "நானே கத்துக்கொடுக்கிறேன். ஆனா வீட்டுல நான்தான் ஊட்டுவேன். அதை யாரும் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றார் ஹெதர்.