டேப் டிரைவுக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை நான் எழுதினால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம். போதாததற்கு சாமி விஷயமும் இதில் கலந்திருக்கிறது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் அப்போது கான்ட்ராக்ட்டில் இருந்தேன். கூட்டுவது, துடைப்பது, சாயங்காலம் டேப் மாற்றுவது என் வேலை. கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் தினமும் ஒரு டேப்பில் நகலாகும். அந்த டேப்பைச் செருகுகிற பெட்டிதான் டேப் டிரைவ்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கம்ப்யூட்டரில் பழைய பேக்கேஜை, அதாவது வேலைகளைச் செய்கிற புரோகிராம் தொகுப்பை, எடுத்துவிட்டுப் புதுசை ஏற்றினார்கள். பூஜையன்று ஜீப், ஃபேன் சுவிட்ச், கீபோர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டேப் டிரைவுக்கும் அதன் வாய்க்கு மேலே ஒரு பொட்டு. வருஷா வருஷம் வைப்பதுதான்.

லீவு முடிந்து வந்த காலையில், போன வருஷத்து வருகைப் பதிவு வேண்டுமென்று அதிகாரி பழைய டேப்பைப் போடச் சொன்னார். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு பழைய டேப்பும் அப்படியே. அதிகாரி எழுந்து வந்து டிரைவைப் பார்த்தார்.

“யாருய்யா இதுக்குப் பொட்டு வச்சது?”

“நாந்தாங்க சார்.”

“உள்ள பூரா குங்குமம் போயிருக்கும். தேங்காயையும் இது மேலயே ஒடச்சிருக்கலாமே, ஏன் விட்டே?”

கான்ட்ராக்ட் சூப்பர்வைசரை வரவழைத்தார். அவர் கம்மாபுரத்துக்காரர். வந்ததும் என் பக்கம்தான் திரும்பினார்.

“இன்னாய்யா பாத்துகினு நிக்கிற? சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குக் கெளம்பு. நாளைக்கு வேற ஆள அனுப்பிக்கிறேன்.”

கான்ட்ராக்ட்டில் போனால் போனதுதான். மூத்த மகள் அப்போது பன்னிரண்டாவது. குங்குமம்தான் உள்ளே போய்விட்டது என்று நானே நம்பிவிட்டேன். கும்பிட்டதே வினையாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அந்த அறையில் ஆபரேட்டராக ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் இருந்தார். என்னைவிட இளையவர்.

“சார், அண்ணன் கொஞ்ச நேரம் இருக்கட்டும். குங்குமம்னா புது டேப்பும் ஓடக் கூடாதுல்ல?” என்றார்.

பிரிக்காத டேப் ஒன்றைப் பிரித்துப் போட்டார். டிரைவ் அதில் எழுதியது, எழுதியதைத் திரும்பப் படிக்கவும் செய்தது. அதிகாரி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பழைய பேக்கேஜ் ஒரு அளவுல துண்டு துண்டா எழுதி வச்சிருக்கு சார். புதுசுல டேப் படிக்கிற புரோகிராம் வேற அளவுத் துண்டு கேக்குது. பழைய அளவ வச்சுப் பாக்கட்டுமா?”

“பாரும்மா.”

அளவை மாற்றிவிட்டுப் பழைய டேப்பைச் செருகினார். முருகா முருகா என்று நின்றேன். டிரைவ் முனகியது. போன வருஷத்துப் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன.

அதிகாரி சாவியை என் பக்கம் நகர்த்தினார். “அடுத்த வருஷம் பொட்ட மேல் மூடியில வையி. வாய்கிட்ட வேணாம்,” என்றார். சூப்பர்வைசர், “நான் அப்பவே நெனச்சேன்,” என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டதும் அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது. “அட விடுங்கண்ணே. பூஜைப் பொரி மிச்சம் இருந்தா எடுத்தாங்க. பொட்டு மேல வந்த பழியத் தொடச்சிருக்கேன்,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அவர் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறோம்.

இந்தக் கதை இப்போது டவுன்ஷிப்பில் பல விதமாகச் சுற்றுகிறது. பொட்டை அழித்ததும் மெஷின் ஓடியது என்கிறார் ஒருவர். முருகனே வந்து டேப்பைப் படித்தார் என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. பொட்டு அப்படியேதான் இருந்தது. கோளாறைக் கண்டுபிடித்தது அந்தப் பெண். அந்த நேரத்தில் அவரை அங்கே உட்கார வைத்தது முருகன் என்பது என் நம்பிக்கை, என்னோடு இருக்கட்டும். யாருக்காவது இதைச் சொன்னீர்களானால், அவர் செய்ததைக் குறைக்காமலும் சாமி பெயரில் எதையும் கூட்டாமலும் நடந்தபடியே சொல்லுங்கள்.