ஸ்டெல்லா அக்கா கடையில் மைனிங் ஓட்டியவன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷினைச் சரிசெய்வது சுலபம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று நம்மையே முறைக்கிற ஆளைச் சரிசெய்வதுதான் கஷ்டம். வில்லியனூரில் கடை வைத்திருக்கும் நான் இதைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் தலையாட்டுவீர்கள். மீதிப் பேர் இந்தத் தொழிலில் இல்லாமலேயே, கல்யாணத்துக்குப் போன வீட்டில் பிரிண்டரைப் பார்க்கப் போய்ப் பந்தியைக் கோட்டைவிட்டவர்கள். எல்லாரும் வாருங்கள், நாம் ஒரே இனம்.

ஆள் வந்தால் அடக்கம்

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி ஸ்டெல்லா அக்கா ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறார். சான்றிதழ், ரேஷன் கார்டு, காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் அங்கே நடக்கும். ஒரு நாள் போன் செய்தார். சிஸ்டம் பேயாகக் கத்துகிறதாம், ஒரு பக்கம் திறப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்களாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏசி போட்டுப் புதுசாக ஒரு சென்டர் வந்திருந்தது. அது காலேஜ் அப்ளிகேஷன் சீசன் வேறு. இந்த நேரத்தில் ரோட்டைத் தாண்டிப் போகிற பிள்ளை அதற்கப்புறம் திரும்பி வராது, கடையை மூட வேண்டியதுதான் என்று அக்கா பயந்துபோயிருந்தார்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். நம் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, உட்கார்ந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறப்போம். எந்த வேலை மெஷினை எவ்வளவு தின்கிறது என்று காட்டுகிற ஜன்னல் அது. திறந்தேன். மெஷின் பரம சாது. ஒன்றுமில்லை என்று சொல்லிக் கிளம்பினால், தவளக்குப்பம் தாண்டவில்லை, மறுபடி போன். திரும்பிப் போனால் மறுபடி சாது. மறுநாளும் இதே கூத்து. என் தொழில் மானம் கடலூர் ரோட்டில் காற்றில் பறந்தது. அக்கா நிதானமாகச் சொன்னார்: "இன்னா தம்பி, நீ வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குது. உன் போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போ, மானிட்டர் மேல ஒட்டி வெச்சிக்கறேன்."

கிழக்குக் கொல்லை

அடுத்த தடவை சொல்லாமல் போய் நின்றேன். எதையும் திறக்கவில்லை. கேபினட்டின் முதுகில் கையை வைத்தேன், இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. ஃபேன் கத்திக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கத்தல் சட்டென்று அடங்கியது. மூடினேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உள்ளே ஒரு மைனிங் வைரஸ் உட்கார்ந்துகொண்டு, நான் எட்டிப் பார்க்கும்போது மட்டும் வேலையை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்கிறது.

அக்காவின் வீட்டுக்காரர் ஆரோக்கியம் விவசாயம் பார்ப்பவர். மைனிங் என்றால் என்ன என்று கேட்டார். எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம் மெஷினை ஓயாமல் கணக்குப் போட வைக்கிறான், அதில் வருகிற கிரிப்டோ காசு அவனுக்குப் போகிறது, சூடும் கரண்டு பில்லும் நமக்கு என்றேன். அவர் முழித்தார். "நம்ம மோட்டாரைப் போட்டு, நம்ம கரண்டுல, அவன் வயலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிற மாதிரிங்க" என்றேன். அவ்வளவுதான், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்: "எனக்கு அப்பவே தெரியும்பா. அந்தக் கிழக்குக் கொல்லக்காரன்தான். போன சம்பாவுலயும் இதே வேலதான் பண்ணான்!"

சந்தனப் பொட்டு வைத்த ஜன்னல்

வைரஸை அழித்தேன். மறுநாள் காலையில் ஜம்மென்று திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியாக இதில் என்ன போட்டீர்கள் என்று அக்காவைக் குடைந்தேன். உறுவையாற்றில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் குமரன், பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு சாஃப்ட்வேரும் ஒரு மூட்டைத் தமிழ் எழுத்துருவும் பென்டிரைவில் ஓசியாகக் கொடுத்தானாம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும் என்று அறிவுரையும் சொல்லியிருக்கிறான். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை விருந்துக்குக் கூப்பிட்ட கதை.

குமரனின் கடைக்குப் போனேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவருக்குப் பிறந்தநாள் என்று சுற்றிலும் பல்லைக் காட்டும் முகங்கள். நடுவில் அவனுடைய கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. பார்த்தால், திரையின் ஓரத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்தபடி இருக்கிறது. மானிட்டரில் சரியாக அந்த இடத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு! இந்த ஜன்னல் திறந்திருந்தால் மெஷின் ஓடும், மூடினால் மக்கர் பண்ணும் என்று அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். அவன் ராசி வேலை செய்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உள்ளே வைரஸ் இருக்கிறது, சாஃப்ட்வேரோடு சேர்த்து எடுத்துவிடுகிறேன் என்றேன். பதறிப்போனான்: "வுடுண்ணா, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும். நாம ஒருத்தன் சாஃப்ட்வேர ஓசில ஓட்டறோம், இன்னொருத்தன் நம்ம மெஷின ஓசில ஓட்டறான். சரியாப் போச்சு."

கடைசி நாள்

அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். அக்கா கடையில் வாசல் வரைக்கும் பிள்ளைகள். மெஷினோ ஒரு பக்கத்தைத் திறக்க மூச்சு வாங்குகிறது. குமரன் மாதிரி ஜன்னலைத் திறந்து வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் அக்கா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைக்க என் தொழில் மானம் விடவில்லை. எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் அடிக்க வழியில்லை, பிள்ளைகளின் ஸ்கேனும் பாதி நிரப்பிய அப்ளிகேஷனும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நெட் ஒயரைப் பிடுங்கினேன். உடனே வாசலில் சலசலப்பு, இரண்டு பேர் ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அக்கா பாய்ந்துபோய், "ஒரிஜினலெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்கடா" என்று அத்தனை பேர் சர்டிபிகேட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இனி எவன் போவான்?

உட்கார்ந்து தோண்டினேன். சிஸ்டம் அப்டேட் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒரு வேலை ஒளிந்திருந்தது. மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம் வைரஸைத் திரும்பக் கூட்டி வருகிறவன் இவன்தான். அவனை முதலில் தூக்கினேன். பிறகு வைரஸ், பிறகு குமரனின் ஓசி மூட்டை. ஆன்டிவைரஸுக்கு மறுபடி கண்ணைத் திறந்துவிட்டு, நெட் ஒயரைச் செருகி, மெஷினை ஆன் செய்தேன். டாஸ்க் மேனேஜர் மூடியே இருந்தது. ஃபேன் வாயைத் திறக்கவில்லை. "கரண்ட் போயிடுச்சாக்கா?" என்றது ஒரு பெண். பக்கங்கள் படபடவென்று திறந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே டைப் அடித்தார்.

வரிசை கரைந்துகொண்டிருக்கும்போது எதிர்க் கடைக்காரப் பையன் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. அவனும் குமரனிடம்தான் வாங்கிப் போட்டிருக்கிறான். அவன் மெஷினும் கத்துகிறது, உள்ளே பிள்ளைகள் அழுகிற நிலைமை. அவன் என்னைப் பார்த்தான், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அவனிடம், "பசங்கள முதல்ல இங்க அனுப்புடா, எல்லாம் நம்ம ஊருப் புள்ளங்கதான்" என்றார். அவன் ஓடினான். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே எழுந்தேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போய்ப் பாரு தம்பி, வேணான்னு சொல்லல. ஆனா லாரிங்க வர்ற ரோடு, மெதுவா நடந்து போ."

நான் அந்த ரோட்டைக் கடந்த ஆமை வேகத்தைப் பார்த்திருந்தால், எனக்குள்ளும் எவனோ மைனிங் ஓட்டுகிறான் என்று நீங்களே சத்தியம் செய்திருப்பீர்கள்.