கதவோடு போய் வாங்கிய மெஷின்

பாலிஷ் மெஷின் வாங்கப் போன அன்று கூடவே ஒரு வேன் கதவையும் எடுத்துப் போனோம். நான் ஸ்கூட்டரை ஓட்ட, என் மனைவி பின்னால் உட்கார்ந்து கதவைக் கட்டிப்பிடித்திருந்தாள். தேரடி முனையில் ஓர் ஆட்டோக்காரர் கேட்டார்.

"இன்னாண்ணே, கதவு மட்டும் போவுது. காரு எங்க?"

"பின்னால வருது. நீ வழிய வுடுப்பா" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு காற்றில் திரும்பி யார் மேலாவது பட்டுவிடுமோ என்றுதான் இருந்தது.

செங்கம் ரோட்டில் அப்போது எனக்கு ஒரு வாட்டர் வாஷ் கொட்டகை. பாலிஷ் எல்லாம் கையால்தான். ஆயுத பூஜை முடிந்தால் வண்டிகள் வரிசை கட்டும். சந்தனம் ஒரு துடைப்பில் போய்விடும்; எண்ணெயில் குழைத்த குங்குமம் வெள்ளை பெயிண்டில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் விடுதி நடத்துகிற ஒருவர், "மெஷின்ல போட்டாதான் வண்டி குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவர் கார் நன்றாக வந்தால் அந்தப் பக்கத்து விடுதி வண்டிகளெல்லாம் என்னிடம் வரும். பெயிண்ட் தீய்ந்துபோனால்? எட்டாவதோடு நின்றவன் நான். மெஷினோடு வருகிற புத்தகத்தை நம்பி அடுத்தவர் வண்டியில் கை வைக்க முடியுமா? சோறு இறங்கவில்லை.

அதனால்தான் கதவு, முதலில் அதில் போட்டுப் பார்க்க. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் நாங்கள் ஓட்டிய பழைய வெள்ளை வேனுடையது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் மனைவி கைப்பிடிக்கு மேலே, அதே இடத்தில் பொட்டு வைப்பாள். வேனை எடைக்குப் போட்டபோது, எதற்காவது ஆகும் என்று இந்தக் கதவை மட்டும் கழற்றி வைத்திருந்தேன்.

கடைக்காரர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொண்ணு பாக்க வர்றவங்க கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்கண்ணே."

இரண்டு மெஷின் எடுத்து வைத்தார். ஒன்று விர்ரென்று சுற்றுவது. இன்னொன்று சுற்றிக்கொண்டே அசைந்தாடுவது. "எல்லாரும் மொத மெஷினத்தான் கேப்பாங்க. பவர் ஜாஸ்தி. இது கம்மி, வேலை மெதுவா ஆவும்."

வாசலில் கதவைச் சாய்த்து, சுற்றுகிற மெஷினை அடி மடிப்பில் வைத்தேன். வைத்ததுதான் தெரியும். வெள்ளை போய் உள்ளே இருந்த சாம்பல் நிறம் வந்துவிட்டது. அது விடுதிக்காரர் காராக இருந்திருந்தால் என்று நினைத்ததும் மெஷினை அணைத்துக் கீழே வைத்தேன்.

அசைந்தாடுகிற மெஷினைப் பொட்டின் மேலேயே வைத்தேன். வேண்டுமென்றே அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு மெல்ல வெளுத்தது. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மங்கிக் கிடந்த கதவில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது.

"போதுங்க" என்றாள் அவள்.

"முழுசா போவுதான்னு பாக்கணுமில்ல?"

"போவுதுனுதான் தெரிஞ்சிடுச்சே. மீதிய வுட்டுடுங்க. நான் வெச்சது."

ஸ்விட்சை அணைத்தேன். ஆடுகிற மெஷினையே வாங்கினோம்.

விடுதிக்காரர் தன் காரை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார். அவர் பக்கத்து விடுதி வண்டி வந்து நின்ற பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அந்தக் கதவு இன்றும் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக அதற்கும் வைப்பாள், பாதி வெளுத்த பழைய பொட்டின் மேலேயே. எண்ணெயைக் கம்மியாக ஊற்று என்று வருஷா வருஷம் சொல்கிறேன். கேட்பதில்லை.