குதிரை அறையில் புதன்கிழமை

"பார்வையாளர் சேவை அலுவலர்: ஓவியங்களைப் பற்றிய சரியான தகவலைக் கனிவோடு வழங்குபவர்." சிட்னியில் ஓர் ஓவியக்கூடத்தின் பணிவிவரம் விக்னராஜாவை இப்படித்தான் வர்ணித்தது. கனிவில் குறை சொல்ல முடியாது.

ஆறு வருடமாக அவர் காவல் நின்ற அறையில் பெரிய ஓவியம் ஒன்றுதான்: மணல்மேடு, வெள்ளைக் குதிரை, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த அரபு வீரன். வரைந்த பிரெஞ்சுக்காரர் பாரிஸை விட்டு நகர்ந்ததேயில்லை என்று சுவர்க்குறிப்பு ஒப்புக்கொண்டது.

ஒரு புதன்கிழமை வெள்ளைக்கார அம்மா ஒருவர், வீரனையும் விக்னராஜாவின் தாடியையும் மாறிமாறிப் பார்த்து, "உங்கள் நாடா?" என்று கேட்டார். இலங்கையை விளக்கக் கால்மணி நேரமாகும். கால் வேறு உளைந்தது. தலையாட்டிவிட்டார்.

அடுத்த புதன் அந்த அம்மா இரண்டு தோழிகளோடு வந்தார். அகதி விசாரணைகளில் விக்னராஜா கற்ற பாடம் ஒன்றே ஒன்று: முதலில் சொன்னதை மாற்றினால் தொலைந்தோம். மாற்றவில்லை. தன் தாத்தாவிடமும் இப்படியொரு குதிரை இருந்தது என்றார்.

பக்கத்து அறையில் வேலை பார்த்த சுஜீவா, யாழ்ப்பாணக் கடலில் விக்னராஜா பிறந்த அதே நெடுந்தீவுக்காரி.

"அண்ணை, உங்கட அப்பப்பா நெடுந்தீவில ஓடினது சைக்கிள். அதுக்கும் செயின் இல்லை."

"சத்தம் போடாத பிள்ளை."

நெடுந்தீவில் குதிரைகள் உண்டு என்பதுதான் வேடிக்கை. சேணமோ ஆளோ இல்லாத மட்டக் குதிரைகள். கோடையில் வற்றிய குளத்தைச் சுற்றி நிற்பவை. உண்மையைச் சொல்லியிருந்தால் பொய்யைவிட நன்றாக இருந்திருக்கும்.

கதை மேல்மாடி வரை போனது; கேட்டுச் சிரிக்காதவர் ஹைதர் ஒருவர்தான். இராக்கின் பஸ்ராக்காரர், மேல்மாடிக் காவல். வேலை முடிந்து மெரிலேண்ட்ஸ் போகிற ரயிலில் எப்போதும் விக்னராஜாவுக்குப் பக்கத்து இருக்கை. அன்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"என் அப்பா ரசாயன வாத்தியார். எங்கள் வீட்டில் ஒட்டகம் இல்லையென்று பதினெட்டு வருடமாக இந்த ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ குதிரையே கொடுத்துவிட்டாய். புதன்கிழமை அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு."

விக்னராஜாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. "சொல்கிறேன்" என்றார், மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தபடி.

செவ்வாய் முழுக்க ஒத்திகை பார்த்தார். குளியலறையில் நன்றாகவே வந்தது.

புதன் காலை மேற்பார்வையாளரிடம் போய் முழங்கால் வலியென்று சொல்லி, உட்காரக் கதிரை உள்ள மட்பாண்ட அறையைக் கேட்டு வாங்கினார். குதிரை அறைக்கு யாரைப் போடலாம் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, விக்னராஜா ஹைதரின் பெயரைச் சொன்னார்.