தோல் குழாயும் கொதிக்கிற காரும்

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கித்தான் கூரை போட்ட பெரிய கார். பஜாரில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது அதைப் போல் சாது கிடையாது. வேலூர் ரோட்டில் ஏறி முப்பது மைல் வேகத்தைத் தொட்டால் போதும், மாதனூர் வருவதற்குள் ரேடியேட்டர் மூடியைப் பிய்த்துக்கொண்டு ஆவி சீறும். நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றினால் மறுபடி சாது.

மாதனூர்க் கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுக்கும் அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள். "மாடு கூட ஒருதரம் குடிச்சா ஊரு போய்ச் சேருது. இது இன்னாய்யா, வழியெல்லாம் குடிக்குது?"

முதலாளிக்கு மானம் போயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். கூடவே அவருடைய மச்சானும் கிளம்பினார். அவர் முதலாளியம்மாவின் தம்பி. ஆள் நல்ல கனம். வேலை என்று எதுவும் கிடையாது. அபிப்பிராயம் மட்டும் உண்டு.

ரேடியேட்டரில் சிக்கியிருந்த பூச்சி, வைக்கோல் எல்லாவற்றையும் நான் எடுத்தேன். கொதித்தது. விசிறி வாரை இழுத்துக் கட்டினேன். கொதித்தது.

"வேலூர்ப் பக்கம் போனாத்தான் இந்தப் பேஜார். திசை ஒத்துக்கல," என்றார் மச்சான்.

வாணியம்பாடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். அங்கேயும் கொதித்தது.

"பாரம் ஜாஸ்தி," என்று முதலாளி மச்சானைப் பார்த்தார். அடுத்த முறை மச்சானை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். அப்போதும் கொதித்தது. இதை மச்சானிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நின்னப்புறம் தொறந்து பாத்தா இன்னா தெரியும்?" என்றார் மச்சான். "ஓடும்போது பாக்கணும். நான் பாக்கறேன்."

நின்ற இடத்திலேயே எஞ்சினை முடுக்கிவிட்டுப் பார்த்திருக்கலாம். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்தோம். மச்சான் முன் சக்கரத்து மட்கார்டின் மேல் குப்புறப் படுத்தார். அவர் விழாமலிருக்க, தோல் மூட்டை கட்டும் கயிற்றால் முன் விளக்கோடு சேர்த்துக் கட்டினேன். முதலாளி பின்னால் உட்கார்ந்து, "மெதுவா கட்டுய்யா, எம் பொண்டாட்டிக்கு இருக்கறது ஒரே தம்பி," என்றார்.

ஊர் எல்லை தாண்டியதும் வேகத்தைக் கூட்டினேன். மச்சானின் குல்லாய் பறந்து பாலாற்றுப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் கையை ஆட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். காற்றில் பாதிதான் கேட்டது.

"இன்னாய்யா சொல்றான்?" என்றார் முதலாளி.

"ஓட்டு, ஓட்டுங்கறாரு மொதலாளி."

"அப்போ ஓட்டு!"

ஓட்டினேன். மச்சான் இன்னும் பலமாகக் கத்தினார். இன்னும் வேகமாக ஓட்டினேன். அவர் காலை உதைத்துக்கொண்டார். உற்சாகம் என்று நினைத்தோம். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், கட்டிப்போட்ட ஆளோடு பறக்கும் காரைப் பார்த்து, மாடுகளை அப்படியே வயலில் இறக்கிவிட்டார்.

ஆவி சீறியதும் நிறுத்தினேன். கட்டை அவிழ்த்தபோது மச்சானின் முகம் எண்ணெயும் புழுதியுமாக இருந்தது.

"ஒட்டுது ஒட்டுதுன்னு கத்தறேன், ஓட்டறியே பாவி! கீழ்க் குழாய் ஒட்டுது! பீடி இழுக்கறவன் கன்னம் மாதிரி உள்ள போய் ஒட்டிக்குது!"

அந்தக் குழாயின் கதை இது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் முன்பு ஒருமுறை வெடித்துவிட்டது. "தோல் ஊர்ல இருந்துக்கிட்டு ரப்பருக்கு மெட்ராஸ் போவணுமா?" என்று முதலாளி தம் தொட்டியிலேயே பதப்படுத்திய தோலில் குழாய் தைத்து மாட்டச் சொன்னார். முதலில் விறைப்பாக நன்றாகவே இருந்தது. அதனால்தான் அதன் மேல் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. சுடுதண்ணீரில் ஊறி ஊறி நாளடைவில் அது துவண்டுவிட்டது. வேகமாக ஓடினால் எஞ்சின் தண்ணீரை இழுக்கிற இழுப்பில் குழாய் சப்பையாகி ஒட்டிக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லை. வண்டியை நிறுத்தினால் இழுப்பு நின்று, குழாய் மறுபடி உருண்டையாக, ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

முதலாளி குழாயைத் தடவிப் பார்த்தார். "தோல் மேல குத்தம் இல்ல," என்றார். "எஞ்சின் ஜாஸ்தி இழுக்குது."

தோலை மாற்ற அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. நான்தான் இரும்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, குழாய்க்குள் செருகினேன். எவ்வளவு இழுத்தாலும் இனி அது ஒட்ட முடியாது.

மறுநாள் காலை மூவரும் வேலூருக்குக் கிளம்பினோம். மாதனூர் போயிற்று, பள்ளிகொண்டா போயிற்று, ஆவி இல்லை. முதலாளி எட்டி எட்டி ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார். மச்சான் ஒவ்வொரு மைல் கல்லுக்கும் கை தட்டினார். வேலூர்க் கோட்டை அகழி தெரிந்ததும் முதலாளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"திருப்பு! இதே வேகத்துல ஊருக்குப் போ. திரும்பிப் போறப்பவும் கொதிக்கலன்னா ஜெயிச்சோம்!"

திருப்பினேன். கொதிக்கவே இல்லை. வீட்டு வாசலில் சத்தமாக ஹாரன் அடித்து நிறுத்தினேன். முதலாளியம்மா கதவுக்குப் பின்னாலிருந்து காரை எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

மாமியாரைக் கூட்டி வரத்தான் முதலாளி வேலூர் போயிருந்தார். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"பெத்த தாய மறந்துட்டு வந்திருக்கியேடா!" என்று முதலாளியம்மா தம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தடியில் முதலாளி சத்தமில்லாமல் காரில் ஏறி, "எடுய்யா," என்றார்.

வேலூர்த் தெருவில் மாமியார் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நேரமானதற்கு மருமகனிடம் காரணம் கேட்டார்.

"வழியில வண்டி கொதிச்சுப்போச்சு," என்றார் முதலாளி.